மங்கிய ஹெட்லைட்டைத் தேய்த்தால் மட்டும் போதாது

பத்து வருடம் ஓடிய காரின் ஹெட்லைட் மஞ்சளாகி மங்கிவிட்டது, பற்பசை போட்டுத் தேய்த்தால் சரியாகுமா, இல்லை விளக்கையே மாற்ற வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வண்டியும் என்னுடையதைப் போல நிழலில்லாமல் தெருவோரம் நிற்கும் வண்டியாகத்தான் இருக்கும் என்று எண்ணுகிறேன். பற்பசை போதாது. பெரும்பாலும் விளக்கை மாற்றவும் தேவையில்லை. ஆனால் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். நான் ஒரு வருடம் தள்ளிப்போட்டேன்.

இரண்டு வருடங்களுக்கு முன்பு தை மாதத்தில், அப்பாவும் நானும் திருச்செந்தூரிலிருந்து திருநெல்வேலிக்கு இரவில் திரும்பிக்கொண்டிருந்தோம். தைப்பூசத்துக்கு முந்தைய நாட்களில் அந்தச் சாலையில் பாதயாத்திரை போகிறவர்கள் விடிய விடிய நடப்பார்கள். குரும்பூர் தாண்டியதும் எதிரே வந்த லாரிக்காக விளக்கைத் தணித்தேன். என் முன்னால் இருந்தது சாலையில்லை, ஒரு மஞ்சள் மூட்டம். "ஏலே, ஆளுல!" என்று அப்பா கத்தியதும் பிரேக்கை மிதித்தேன். வண்டியின் மூக்கிலிருந்து இரண்டு கை தூரத்தில், பச்சைச் சேலை கட்டிய ஒரு வயதான அம்மா தோள்பையைப் பிடித்தபடி நின்றிருந்தார். முப்பது வருடம் பேருந்து ஓட்டிய அப்பா, இரவு வண்டி எடுக்கும் முன் ஈரத்துணியால் விளக்கைத் துடைக்காமல் ஏறியதில்லை. அவர் வீடு வந்து சேரும்வரை ஒரு வார்த்தையும் பேசவில்லை.

அதற்குச் சில மாதங்கள் முன்புதான், காணொளி ஒன்றைப் பார்த்துப் பற்பசையால் தேய்த்திருந்தேன். அன்று பளிச்சென்றுதான் இருந்தது. மழைக்காலம் முடிவதற்குள் முன்பைவிட மோசமாக மங்கியது. காரணம் எனக்குப் பிறகுதான் விளங்கியது. பழைய அம்பாசிடர், பிரீமியர் பத்மினி வண்டிகளில் விளக்கின் முகப்பு அசல் கண்ணாடி. எத்தனை வெயிலடித்தாலும் மஞ்சளாகாது. இப்போது வருவது பாலிகார்பனேட் பிளாஸ்டிக். அது புற ஊதாக் கதிரைத் தாங்காது என்பதால் மேலே மெல்லிய காப்புப் பூச்சு கொடுத்துத்தான் ஆலையிலிருந்து அனுப்புகிறார்கள். வெயிலில் அந்தப் பூச்சு வெடித்து உரிய, அடியிலுள்ள பிளாஸ்டிக் மஞ்சளாகிறது. என் வண்டி எப்போதும் மேற்குப் பார்த்து நிற்கும். தெற்கு வெயில் முழுவதையும் வாங்கிய இடப்பக்க விளக்குதான் அதிகம் கெட்டிருந்தது. பற்பசை மிச்சமிருக்கும் பூச்சையும் சுரண்டிவிட்டு, பிளாஸ்டிக்கை வெறும் உடம்பாக வெயிலில் நிறுத்துகிறது. கொசுவிரட்டித் தைலம் தடவச் சொல்கிறவர்களையும் நம்பாதீர்கள். அதிலுள்ள வேதிப்பொருள் பிளாஸ்டிக்கின் மேற்பரப்பை இளக்குவதால்தான் சற்று நேரம் தெளிவாகத் தெரிகிறது.

நான் செய்தது இது. விளக்கைச் சுற்றியுள்ள பெயின்ட்டின் மேல் மாஸ்கிங் டேப்பை இரண்டு அடுக்காக ஒட்டினேன். சோப்புத் தண்ணீரில் ஊறிய வாட்டர் பேப்பரால் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்; எண் கூடக்கூட சொரசொரப்பு குறையும்) 600, 1000, 1500, 2000 என்று படிப்படியாகத் தேய்த்தேன். ஒரு எண்ணில் கிடைமட்டமாகத் தேய்த்தால் அடுத்த எண்ணில் மேலும் கீழுமாகத் தேய்க்க வேண்டும். அப்போதுதான் முந்தைய தாள் போட்ட கோடுகள் போய்விட்டனவா என்று கண்ணுக்குத் தெரியும். முதல் தாளில் மோர்போல் ஒரு மஞ்சள் நீர் வழிந்து பம்பரில் இறங்கும். அது வெள்ளையாக மாறும்வரை அடுத்த தாளுக்குப் போகக் கூடாது. இடையில் விளக்கு குளியலறை ஜன்னல் கண்ணாடிபோல முழுவதும் வெளுத்துப்போகும். கெடுத்துவிட்டோம் என்று பயந்து அங்கே நிறுத்திவிடாதீர்கள்.

அதன் பிறகு செய்வதுதான் முக்கியமான வேலை. பலரும் அதை விட்டுவிடுகிறார்கள். தேய்த்த பரப்பை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிட்டு, புற ஊதாக் காப்புள்ள டூ-கே கிளியர் கோட் ஸ்பிரேயை, அதாவது இறுக்கும் பொருள் கலந்து அடிக்கும் நிறமற்ற பூச்சை, மெல்லிய அடுக்குகளாக அடித்தேன். அதிலுள்ள ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் நுரையீரலுக்குக் கெடுதல் என்பதால், திறந்த வெளியில், ரசாயன ஆவியைத் தடுக்கும் வடிகட்டி முகக்கவசத்தோடுதான் அடிக்க வேண்டும். துணி முகக்கவசம் பயன்படாது. தின்னரோ பெட்ரோலோ கொண்டு துடைத்தால் பாலிகார்பனேட்டில் நுண்விரிசல் விழும். எனக்கு எல்லாம் சேர்த்து 1,400 ரூபாய் ஆயிற்று. ஒரு பகல் முழுவதும் பிடித்தது.

கடையில் மெஷின் போட்டால் இன்னும் நன்றாக வரும் என்று இத்தொழில் செய்பவர்கள் சொல்லலாம். நான் மறுக்கவில்லை. புதிய விளக்குக்கு ஈடாகுமா என்றால், ஆகாது. அமெரிக்க வாகன ஓட்டிகள் அமைப்பான ஏஏஏ 2018இல் வெளியிட்ட ஆய்வில், மங்கிய விளக்குகள் புதியவற்றின் ஒளியில் ஏறத்தாழ 20 விழுக்காடே தந்தன. புதுப்பித்ததும் அது 70 விழுக்காடு அளவுக்கு மீண்டது. இருபதுக்கும் எழுபதுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்பதைக் குரும்பூரில் நான் பார்த்துவிட்டேன்.

என் மனத்தாங்கல் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு நான் போன பணிமனையில், 60/55 வாட் (தூர ஒளி/தணித்த ஒளி) பல்பைக் கழற்றிவிட்டு 100/90 வாட் பல்பைப் போடச் சொன்னார்கள். மங்கிய முகப்புக்குள் அதிக வெளிச்சத்தைத் திணித்தால் அது சாலையில் விழாமல் நாலாபுறமும் சிதறி எதிரே வருபவரின் கண்ணில்தான் பாயும். கூடுதல் சூட்டில் விளக்கும் கெடும். இதைத் தெரிந்தேதான் விற்கிறார்கள் என்று நான் நினைக்கிறேன். இரவில் எதிரில் வரும் வண்டிகளில் பாதி இப்படித்தான் இருக்கின்றன, நடந்துபோகிறவர்களைப் பற்றி யாருக்கும் கவலையில்லை.

வேலையைத் தொடங்கும் முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். விளக்கின் மேல் ஒரு செம்பு தண்ணீரை ஊற்றுங்கள். நனைந்திருக்கும்போது உள்ளே பல்பு தெளிவாகத் தெரிந்தால் கேடு வெளிப்புறத்தில்தான், தேய்த்தால் சரியாகும். தண்ணீர் ஓடும்போதும் புகைமூட்டமாகவே இருந்தால் உள்ளே ஈரம் கோத்திருக்கும், அல்லது பல்புக்குப் பின்னால் ஒளியை முன்னே திருப்பும் பளபளப்பான பிரதிபலிப்பான் கருகியிருக்கும். ஈரம் என்றால் விளக்கைக் கழற்றி உலர்த்தி, கசிவை அடைக்க வேண்டும். பிரதிபலிப்பான் கருகியிருந்தால் புது விளக்குதான் வாங்க வேண்டும்.