‘மனித மாண்பு’ என்று பழமைவாதிகள் சொல்வது மதத்தின் மறுபெயர்தானா?

கருமுளை (கருவுற்ற முட்டையிலிருந்து வளரும் தொடக்கநிலைக் கரு) ஆராய்ச்சி, குளோனிங் (ஓர் உயிரின் மரபணு நகலை உருவாக்குவது), மருத்துவர் உதவியுடன் உயிரை முடித்துக்கொள்வது ஆகியவற்றை எதிர்க்கும் அமெரிக்கப் பழமைவாதிகள் ‘மனித மாண்பு’ என்ற சொல்லை முன்வைப்பது மத நம்பிக்கைக்குப் போர்த்திய பொதுமொழிப் போர்வைதானா என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் நெடுங்காலம் அப்படித்தான் நினைத்திருந்தேன். இறைநம்பிக்கை இல்லாத எனக்கு அந்த நினைப்பு வசதியாகவும் இருந்தது. அவர்கள் எழுதியவற்றைப் பொறுமையாகப் படித்தபின் என் எண்ணம் மாறியது. மதம் அதில் இருக்கிறது; ஆனால் வாதம் மதத்தோடு முடிந்துவிடுவதில்லை. அதன் பலவீனமும் மதத்தில் இல்லை, வேறோர் இடத்தில் இருக்கிறது.

1998-இல் மனிதக் கருமுளையிலிருந்து ஸ்டெம் செல்கள் (உடலின் பல வகைச் செல்களாகவும் மாறக்கூடிய மூலச் செல்கள்) முதன்முறையாகப் பிரித்தெடுக்கப்பட்டன. அவற்றை எடுக்க, சில நாள் வயதுடைய கருமுளையை அழிக்க வேண்டியிருந்ததே சர்ச்சையின் வேர். 2001 ஆகஸ்ட் 9 அன்று குடியரசுத் தலைவர் ஜார்ஜ் புஷ், அதற்கு முன்பே உருவாக்கப்பட்டிருந்த செல் வரிசைகளில் (ஒரு கருமுளையிலிருந்து எடுத்து ஆய்வகத்தில் பெருக்கப்படும் செல்களில்) நடக்கும் ஆய்வுக்கு மட்டுமே மத்திய அரசின் பணம் கிடைக்கும் என்று அறிவித்தார். தனியார் பணத்தில் நடக்கும் ஆய்வை அவர் தடுக்கவில்லை. உடன் அமைக்கப்பட்ட உயிரியல் அறநெறி மன்றத்துக்கு மருத்துவம் படித்த சிந்தனையாளர் லியோன் காஸ் தலைவரானார். அது ஒரே குரலில் பேசிய மன்றமும் அன்று. 2002-இல் குழந்தை பிறப்பிப்பதற்கான குளோனிங்கை அனைவரும் எதிர்த்தபோதும், ஆய்வுக்காக மட்டும் கருமுளையை உருவாக்கும் குளோனிங்குக்கு நான்காண்டு இடைக்காலத் தடை வேண்டும் என்றவர்கள் பத்துப் பேர்தாம். ஏழு பேர் ஒழுங்குமுறைகளுடன் அனுமதிக்கலாம் என்றனர்.

பழமைவாதிகளுடைய வாதத்தின் மையத்தில் இருக்கும் கேள்வி எளியது. அறிவு, தன்னுணர்வு, பிறரைச் சாராமை ஆகியவை இருந்தால்தான் ஒருவருக்கு மதிப்பு என்றால், பச்சிளங்குழந்தைக்கும் நினைவை இழந்த முதியவருக்கும் மதிப்பு குறைவு என்று ஆகிவிடாதா? இதற்கு அவர்கள் காட்டும் வரலாற்றுச் சான்று கனமானது. ‘மனவளர்ச்சி குன்றியவர்’ என்று முத்திரை குத்தப்பட்டோருக்குக் கட்டாயக் கருத்தடை செய்யலாம் என்று அமெரிக்க உச்சநீதிமன்றம் 1927-இல் எட்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. அன்று அதை முன்னேற்றம் என்று கொண்டாடியவர்களில் படித்த சீர்திருத்தவாதிகள் பலர் இருந்தனர். (மறுத்த ஒரே நீதிபதியான பியர்ஸ் பட்லர் கத்தோலிக்கர், காரணம் எதையும் அவர் எழுதிவைக்கவில்லை.)

குளோனிங்கில் பிறந்த டாலி ஆட்டுக்குட்டிக்குப் பிறகு, 1997-இல், நமக்கு இயல்பாக எழும் அருவருப்பிலேயே ஒரு ஞானம் இருக்கக்கூடும் என்று காஸ் எழுதினார். இதை என்னால் ஏற்க முடியவில்லை. இனக்கலப்புத் திருமணத்தைப் பார்த்தும் ஒரு காலத்தில் பலருக்கு அதே அருவருப்புதான் எழுந்தது. காஸே 1970-களின் தொடக்கத்தில் சோதனைக்குழாய்க் கருத்தரிப்பைக் கடுமையாக ஐயுற்றவர்; 1978-இல் அம்முறையில் முதல் குழந்தையான லூயிஸ் பிரவுன் பிறந்த சில ஆண்டுகளிலேயே அது வழக்கமான சிகிச்சையாகிவிட்டது.

இந்தச் சோதனைக்குழாய்தான் நான் சொன்ன பலவீனமான இடம். கருத்தரிப்பு மையங்களில் தேவைக்கு மேல் உருவான கருமுளைகள் லட்சக்கணக்கில் உறைநிலையில் கிடக்கின்றன. பல அழிக்கப்படவும் செய்கின்றன. கருமுளைக்கு முழு மனிதருக்குரிய மாண்பு உண்டு என்று நம்புகிறவர், ஆய்வுக்கூடத்தை எதிர்ப்பதற்கு முன் இந்த மையங்களை அல்லவா எதிர்த்திருக்க வேண்டும்? கத்தோலிக்கத் திருச்சபை அப்படித்தான் நேர்மையாக எதிர்க்கிறது; அரசியல்வாதிகள் எதிர்க்கவில்லை. 2024 பிப்ரவரியில் அலபாமா உச்சநீதிமன்றம், உறைநிலைக் கருமுளைகளும் குழந்தைகளே என்று கொண்டு, அவை அழிந்ததற்குப் பெற்றோர் இழப்பீட்டு வழக்குத் தொடுக்கலாம் என்றது. மாநிலத்தின் சில மையங்கள் உடனே சிகிச்சையை நிறுத்தின. அதே தீர்ப்புக்கான கொள்கையை ஆண்டுக்கணக்கில் மேடையில் முழங்கிய குடியரசுக் கட்சியின் கையிலிருந்த சட்டமன்றம், மூன்று வாரம் ஆவதற்குள் மையங்களை வழக்கிலிருந்து காக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. கருமுளை குழந்தையா இல்லையா என்ற கேள்வியை அந்தச் சட்டம் தொடவே இல்லை.

வாழ்வின் இறுதியைப் பற்றிய சர்ச்சையிலும் அவர்கள் தடுமாறியதுண்டு. 2005-இல் பல ஆண்டுகளாக உணர்வற்ற நிலையில் இருந்த டெரி ஷையாவோ என்ற பெண்ணின் உணவுக்குழாயை அகற்றும் நீதிமன்ற முடிவை மாற்றுவதற்காக, மாநில விவகாரங்களில் மத்திய அரசு தலையிடக் கூடாது என்று பேசும் அதே தரப்பு நாடாளுமன்றத்தில் அவருக்காகவே தனிச் சட்டம் இயற்றியது. மத்திய நீதிமன்றங்கள் தலையிட மறுத்தன. மார்ச் 31 அன்று அவர் இறந்தார்.

ஆயினும் உங்கள் கேள்விக்கு ‘இல்லை’ என்று நான் சொல்லக் காரணமும் இந்தச் சர்ச்சையில்தான் இருக்கிறது. இங்கே ‘மாண்பு’ இரு தரப்பாருக்கும் பொதுச்சொல். மருத்துவர் உதவியுடன் உயிரை முடித்துக்கொள்ள வழிவகுத்து 1994-இல் ஓரிகன் மாநில வாக்காளர்கள் ஏற்ற சட்டத்தின் பெயரே ‘மாண்புடன் மரணம்’ என்பதுதான். அதை எதிர்ப்போரில் மதத்துக்குத் தொடர்பில்லாத மாற்றுத்திறனாளி உரிமைப் போராளிகளும் உள்ளனர். கனடா 2016-இல் இத்தகைய மரண உதவியை அனுமதித்தபோது மரணம் அண்மையில் இருக்க வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. 2021-இல் அந்த நிபந்தனையைத் தளர்த்தி, மரணத்தை நெருங்காத மாற்றுத்திறனாளிகளுக்கும் வழி திறந்தது. வாழ்வதற்கான உதவி எளிதில் கிடைக்காத ஒருவருக்குச் சாவதற்கான உதவி மட்டும் எளிதில் கிடைக்குமானால், அவருடைய முடிவைத் தன்விருப்பம் என்று எப்படி அழைப்பது என்று அந்தப் போராளிகள் கேட்கிறார்கள். கடவுளின் பெயரை ஒருமுறைகூட எடுக்காமல் கேட்கப்படும் இந்தக் கேள்விக்கு, தனிமனித விருப்பத்தை உயர்வாகக் கருதும் என்னிடம் இன்னும் விடை இல்லை.