எனக்குக் கோடிங் தெரியும், உயிரியல் தெரியாது. ஸ்பேஷியல் சிங்கிள்-செல் தரவுக்கு எந்த ஏஐ மாடலில் தொடங்கலாம்?

கேட்டிருப்பவர் தனக்குப் பைத்தானும் டீப் லேர்னிங்கும் நன்றாக வரும் என்கிறார். திசுவுக்குள் எந்தச் செல் எங்கே இருக்கிறது, அதில் எந்த மரபணு இயங்குகிறது என்று காட்டும் தரவை அலச வேண்டுமாம். எந்த கிராஃப் நியூரல் நெட்வொர்க்கில் (அண்டைச் செல்களை இணைத்துப் பார்த்துக் கற்கும் மாடல்) தொடங்குவது, உயிரியல் எவ்வளவு தெரிய வேண்டும் என்பது கேள்வி.

எந்த மாடலிலும் தொடங்காதீர்கள். முதலில் செல்லின் எல்லைக்கோட்டைப் பாருங்கள்.

உடனே "புது நுட்பம் பிடிக்காத ஆள்" என்று ஒருவர் பின்னூட்டத்தில் வருவார், தெரியும். கிராஃப் மாடல்களை நானும் ஓட்டுகிறேன், எனக்குச் சம்பளமே அதற்குத்தான். நான் சொல்வது வரிசையைப் பற்றி மட்டும்.

உங்கள் கைக்கு வரப்போவது ஓர் அட்டவணை. வரிக்கு ஒரு செல், பத்திக்கு ஒரு மரபணு, கூடவே ஒவ்வொரு செல்லும் இருக்கும் இடம். "வரிக்கு ஒரு செல்" என்பதை அப்படியே நம்பினால் தொலைந்தது. மெர்ஃபிஷ், ஸீனியம் போன்ற முறைகள் செல்களை எண்ணுவதில்லை. ஒவ்வோர் ஆர்என்ஏ மூலக்கூறையும் ஒரு புள்ளியாகப் பதிவு செய்கின்றன. எந்தப் புள்ளி எந்தச் செல்லுக்குச் சொந்தம் என்று முடிவு செய்வது அதற்குப் பிறகு ஓடும் மென்பொருள். விசியம் (Visium) என்ற பழைய முறையில் சிக்கல் வேறு: 55 மைக்ரான் அகலமுள்ள ஒரே வட்டத்துக்குள் பல செல்கள் கலந்து கிடக்கும், அந்தக் கலவையைப் பிரிக்கத்தான் செல்2லொகேஷன் போன்ற மென்பொருள்கள் வந்தன. அதன் புதிய வடிவமான விசியம் எச்டியில் 2 மைக்ரான் கட்டங்கள். கட்டம் சின்னதுதான், ஆனால் கட்டமும் செல் அல்ல.

எனக்கு இது ஏன் இவ்வளவு உறுத்துகிறது என்றால், ஒரு புற்றுநோய்த் திசு வேலையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். செல்களைக் குழு பிரித்தபோது ஒரு குழு தனியாகத் தெரிந்தது. டி செல் என்ற நோயெதிர்ப்புச் செல்லின் அடையாளமான சிடி3 மரபணுவும், எபிதீலியப் புற்றுச் செல்லின் அடையாளமான கெரட்டின் மரபணுக்களும் ஒரே செல்லில்! ஆய்வகத்தில் கொண்டாட்டம். புதுச் செல் வகை என்று பேச்சு கிளம்பி, பெயரும் வைத்தாகிவிட்டது. எனக்கு மனசு ஒப்பவில்லை.

அந்தச் செல்களை மட்டும் திசுப் படத்தின் மேல் வரைந்து பார்த்தேன். எல்லாமே புற்றுத் திட்டின் ஓரத்தில்தான் இருந்தன. திட்டுக்கு நடுவிலும் இல்லை, திட்டை விட்டுத் தள்ளியும் இல்லை. அடுத்து அட்டவணையை மூடிவிட்டு மூலப் புள்ளிகளை வரைந்தேன். கெரட்டின் புள்ளிகள் எல்லாம் பக்கத்துப் புற்றுச் செல்லைப் பார்த்த ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தன. நியூக்ளியசுக்குள் விழுந்த புள்ளிகளை மட்டும் எண்ணியபோது கெரட்டின் அநேகமாகக் காணாமல் போனது, சிடி3 நின்றது.

காரணம் சிக்கலானது இல்லை. அங்கே பயன்படுத்திய செக்மென்டேஷன், அதாவது செல் எல்லை போடும் மென்பொருள், சாயமேற்றிய நியூக்ளியசைக் கண்டுபிடித்து அதன் விளிம்பைச் சில மைக்ரான் வெளியே தள்ளி, அதையே செல் என்றது. டி செல்லில் நியூக்ளியசைச் சுற்றி சைட்டோபிளாசம் மிகக் கொஞ்சம். விளிம்பைத் தள்ளினால் அது பக்கத்து வீட்டு நிலத்தில்தான் போய் நிற்கும். படத்திலிருந்து செல் வடிவத்தைக் கற்றுக்கொண்ட செல்போஸ், புள்ளிகளின் மரபணுக் கலவையையும் சேர்த்துப் பார்த்து எல்லை போடும் பேசர் ஆகியவை இதைப் பெருமளவு குறைக்கும். முழுக்கப் போக்காது. திசுச் சீவலுக்கும் தடிமன் உண்டு, அதில் ஒன்றின் மேல் ஒன்று படுத்திருக்கும் செல்களை மேலிருந்து எடுத்த படத்தை வைத்து யாராலும் சுத்தமாகப் பிரிக்க முடியாது. என்னைப் பொறுத்தவரை இந்தத் துறையில் ஏஐ செய்யும் மிகப் பயனுள்ள வேலை இந்த எல்லை போடுவதுதான். அதைப் பற்றிப் பேசத்தான் ஆளில்லை.

இப்போது உங்கள் கிராஃப் மாடலுக்கு வருகிறேன். ஸ்பாஜிசிஎன், ஸ்டாகேட் மாதிரியானவை ஒரு செல்லையோ வட்டத்தையோ புரிந்துகொள்ள அதன் அண்டையில் இருப்பவற்றிடமிருந்தும் தகவல் எடுத்துக்கொள்கின்றன. திசுவின் பெரிய பகுதிகளைப் பிரிக்க அது அருமையான வழி. ஆனால் மேலே சொன்ன கெரட்டின் கசிவும் அண்டைச் செல்லிலிருந்து வந்ததுதானே? அதே தரவில் கிராஃப் மாடலை ஓட்டியபோது அந்தப் போலிக் குழு புற்றுத் திட்டைச் சுற்றி இன்னும் அழகான ஒரு வளையமாக வந்தது. மறுபக்கம், புற்றுக்குள் நுழைந்துவிட்ட ஒற்றை நோயெதிர்ப்புச் செல் அண்டையோடு கரைந்து போகலாம். மருத்துவருக்கு வேண்டியதே அந்த ஒற்றைச் செல்லாக இருக்கக்கூடும். அதனால் செல் வகையை அண்டைத் தகவல் இல்லாமல் முடிவு செய்யுங்கள், அப்புறம் கிராஃபுக்குப் போங்கள்.

"ஆனால் இந்த மாடல்கள் ஒப்பீடுகளில் ஜெயிக்கின்றனவே" என்பீர்கள். பல கட்டுரைகள் ஒப்பிடுவது 2021இல் வெளியான மனித மூளை முன்புறணித் தரவில். 3 பேரிடமிருந்து எடுத்த 12 சீவல்கள், ஆறு அடுக்குகளும் வெண்பொருளும் நிபுணர்கள் குறித்தவை. நல்ல தரவு, குறை சொல்லவில்லை. ஆனால் புறணி பட்டை பட்டையாக இருக்கும் திசு, அங்கே அண்டையோடு சமன் செய்யும் எந்த முறைக்கும் வேலை எளிது. புற்றுத் திசு அப்படி ஒழுங்காக இருக்காது.

இன்னொரு பொறி, பயிற்சிக்கும் சோதனைக்கும் செல்களைக் குலுக்கிப் பிரிப்பது. ஒட்டியிருக்கும் இரண்டு செல்களில் ஒன்று இங்கே, ஒன்று அங்கே போனால் மதிப்பெண் பொய்யாக ஏறும். நோயாளியை வைத்துப் பிரியுங்கள். லட்சம் செல்கள் இருந்தாலும் 3 நோயாளிகள் என்றால் உங்கள் மாதிரி அளவு 3தான்.

உயிரியல் எவ்வளவு? உங்கள் திசுவில் எந்த மரபணுக்கள் ஒரே செல்லில் சேர்ந்து வரக்கூடாது என்று தெரிகிற அளவு. மீதியை ஒரு நோய்க்குறியியல் நிபுணர் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.

நீங்கள் கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். புதுச் செல் வகையைக் கண்டுபிடித்தவருக்குக் கட்டுரையில் முதல் பெயர் கிடைக்கும். அது புதுச் செல் வகையே இல்லை என்று கண்டுபிடித்தவருக்கு நன்றியுரையில் ஒரு வரி. அதிலும் "தொழில்நுட்ப உதவி" என்று போடுவார்கள். போதாததற்குக் கட்டுரையை மதிப்பிட்ட ஒருவர், ஏன் டீப் லேர்னிங் முறை எதையும் புதிதாக உருவாக்கவில்லை என்று கேட்டிருந்தார். பொறாமை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். இந்த வேலைக்கு வருகிறவர்கள் பெயர் வரிசையை முதல் நாளே எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

சரி, தொடங்க: ஸீனியத்தின் மார்பகப் புற்றுத் தரவு இலவசமாகக் கிடைக்கிறது. ஸ்பேஷியல்டேட்டா என்ற பைத்தான் நூலகத்தில் ஏற்றி, மூலப் புள்ளிகளின் மேல் செல் எல்லைகளை வரையுங்கள். ஓரிடத்தைப் பெரிதாக்கி, கோடுகள் தப்பாகப் போகும் இடங்களைக் கண்ணால் பொறுக்குங்கள். அதன் பிறகு ஸ்டாகேட்டோ வேறெதுவோ, உங்கள் இஷ்டம்.