ஃபோல்டரா, டேக்கா?

கேள்வி: வீட்டுப் பத்திரம், வரி ரசீது, பிள்ளைகளின் மார்க் ஷீட் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து விண்டோஸ் லேப்டாப்பில் வைத்திருக்கிறேன். வீட்டுவரி ரசீதை 'வீடு' ஃபோல்டரில் போடுவதா, 'வரி' ஃபோல்டரில் போடுவதா என்று குழம்பி இரண்டிலும் ஒரு காப்பி போட்டு, இப்போது எது எங்கே என்றே தெரியவில்லை. ஃபோல்டரே வேண்டாம், டேக் (ஃபைலோடு ஒட்டி வைக்கும் அடையாளச் சொல்) போதும் என்கிறான் மகன். மாறிவிடலாமா?
– வாசகர், ஈரோடு

பதில்: மகன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஜிமெயில் 2004-ல் வந்தபோதே ஃபோல்டரை விட்டுவிட்டு லேபிள் வைத்தது. ஒரே மெயில் 'வங்கி'யிலும் தெரியும், 'வரி'யிலும் தெரியும், காப்பி எடுக்கிற வேலையே இல்லை.

ஆனால் உங்களிடம் இருப்பது விண்டோஸ். ஒரு ஜேபெக் படத்தை ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸில் டீடெய்ல்ஸ் பக்கம் போனால் டேக்ஸ் என்று ஒரு வரி இருக்கும், அதில் எழுதலாம். வேர்டு ஃபைலிலும் முடியும். பிடிஎஃபில் போய்ப் பாருங்கள், அந்த வரியே இருக்காது. ஸ்கேன் செய்த ரசீது பெரும்பாலும் பிடிஎஃப்தானே! மேக்கில் 2013 முதல் எந்த ஃபைலுக்கும் டேக் போடலாம், ஆனால் மெயிலில் அனுப்பினால் ஃபைல் போய்விடும், டேக் போகாது.

அதனால் டேக்கை ஃபைல் பெயரிலேயே எழுதிவிடுங்கள்: '2024-04-12 வீடு வரி ரசீது'. பென் டிரைவில் போட்டாலும், ஆடிட்டருக்கு மெயில் செய்தாலும் பெயர் கூடவே போகும். ஆண்டு முன்னால் இருந்தால் தேதி வரிசையில் தானாக நிற்கும் (12/04 என்று சாய்கோடு போட விண்டோஸ் விடாது). தேடும்போது 'வீடு வரி' என்று தட்டினால் இரண்டு சொல்லும் உள்ளவை வரும். ஒன்றில் மட்டும் கறாராக இருங்கள்: இன்றைக்கு 'வீடு', நாளைக்கு 'வீட்டு', அப்புறம் 'ஹவுஸ்' என்று எழுதினால் பாதி ஃபைல் கண்ணில் படாது. பத்துப் பன்னிரண்டு சொற்களை ஒரு தாளில் எழுதி லேப்டாப் பக்கத்தில் ஒட்டுங்கள்.

ஃபோல்டரை மொத்தமாகத் தூக்க வேண்டாம். ஆவணம், ஃபோட்டோ என்று இரண்டு மூன்று போதும், ஃபோல்டருக்குள் ஃபோல்டர் என்று போகாதீர்கள். பழைய ஃபைல்களுக்குத் தேவைப்படும்போது பெயர் மாற்றினால் சரி. காப்பிகளில் ஒன்றை அழிக்கும் முன் இரண்டையும் திறந்து பாருங்கள், ஒன்றில் ரசீதின் முன்பக்கமும் மற்றதில் பின்பக்கமும் இருக்கலாம்.