செனட்டில் தீர்மானம் நிறைவேறினால் கப்பல் கட்டணம் இறங்குமா?

கேள்வி: ஜார்ஜ்டவுனில் பேரீச்சம்பழ மொத்த வியாபாரம் செய்கிறோம். நோன்பு மாதத்துக்கான சரக்கு ஜித்தாவிலிருந்தும் துபாயிலிருந்தும் வர வேண்டும். கப்பல்காரர்கள் போர் அபாயக் கட்டணம் என்று தனியாக ஒரு தொகை போடுகிறார்கள். ‘அதிபரின் போர் அதிகாரத்துக்கு அமெரிக்க செனட் கடிவாளம்’ என்று செய்தி வந்தால் போதும், “சண்டை ஓயப்போகிறது, இரண்டு வாரம் பொறுத்து புக்கிங் போடலாம்” என்கிறார் மச்சான். பொறுக்கலாமா? இன்னொன்று: நம் மலேசிய நாடாளுமன்றத்துக்கும் இப்படி ஓர் அதிகாரம் உண்டா என்று படிவம் 6 படிக்கும் மகள் கேட்கிறாள்.

பதில்: பொறுக்க வேண்டாம். செய்தி பொய்யாக இருக்காது. ஆனால் அதிபர் நடத்தும் போரை அமெரிக்க நாடாளுமன்றம் நிறுத்த வேண்டுமானால் ஏற வேண்டிய படிகள் பல. செனட் வாக்கெடுப்பு அவற்றில் முதல் படி.

அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அமெரிக்க அரசியலமைப்பின்படி போர்ப் பிரகடனம் செய்வது காங்கிரஸ், அதாவது செனட்டும் பிரதிநிதிகள் சபையும் சேர்ந்த நாடாளுமன்றம். படைகளுக்குத் தலைவர் அதிபர். காங்கிரஸ் கடைசியாகப் போர்ப் பிரகடனம் செய்தது 1942 ஜூனில், பல்கேரியா, ஹங்கேரி, ருமேனியா மூன்றின் மீதும். கொரியா, வியட்நாம், ஈராக் எதற்கும் பிரகடனம் கிடையாது. வியட்நாமுக்கு 1964 ஆகஸ்டில் டோன்கின் வளைகுடாத் தீர்மானம் என்று ஒரு பொத்தாம்பொது அனுமதி கொடுத்தார்கள். செனட்டில் எதிர்த்து வாக்களித்தவர்கள் இரண்டே பேர். கொடுத்ததைத் திரும்ப வாங்க முடியாமல் பட்ட பாட்டில்தான் 1973 நவம்பர் 7-இல், அதிபர் நிக்சனின் வீட்டோவையும் (கையொப்பமிட மறுத்துத் திருப்பி அனுப்புவது) மீறி, போர் அதிகாரத் தீர்மானம் என்ற சட்டம் பிறந்தது.

இனி இப்படி ஒரு செய்தி கண்ணில் பட்டால், தீர்மானத்தின் எண்ணுக்கு முன்னால் என்ன எழுத்து இருக்கிறது என்று முதலில் பாருங்கள். ‘எஸ்.ஜே.ரெஸ்.’ அல்லது ‘எச்.ஜே.ரெஸ்.’ என்று நடுவில் ‘ஜே’ இருந்தால் அது கூட்டுத் தீர்மானம். இரு சபையும் நிறைவேற்றி அதிபரும் கையொப்பமிட்டால் சட்டமாகும். ‘கான்’ என்று இருந்தால் அது இரு சபையும் மட்டும் நிறைவேற்றும் தீர்மானம், அதிபரின் மேசைக்கே போகாது. அதனால் அதுதான் வலிமையானது என்று தோன்றும். 1973-இல் சட்டம் எழுதியவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். 1983-இல் வந்த ஒரு தீர்ப்பு அதைக் கவிழ்த்தது. கென்யாவில் பிறந்த இந்திய வம்சாவளி மாணவர் சத்தாவின் விசா வழக்கு அது. அதிபரின் கையொப்பத்துக்கு அனுப்பாமல் காங்கிரஸ் தானாகவே நிர்வாகத்தின் முடிவை ரத்து செய்வது செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். போருக்கும் அந்த வழக்குக்கும் சம்பந்தமே இல்லை. இருந்தாலும் ‘கான்’ தீர்மானத்தின் பல் அன்றே போய்விட்டது என்பதுதான் பரவலான சட்டக் கருத்து. கண்டனத்தைப் பதிவு செய்ய உதவும், அவ்வளவுதான்.

‘ஜே’ என்றால் அடுத்ததாக வாக்குக் கணக்கு. செனட்டில் இவ்வகைத் தீர்மானத்துக்குத் தனிச் சலுகை உண்டு: குழுவில் 10 நாள் முடங்கினால் வெளியே இழுக்கலாம், மற்ற மசோதாக்களைப் போல 60 வாக்கு தேவையில்லை, சாதாரணப் பெரும்பான்மை போதும். தலைப்புச் செய்திகள் அடிக்கடி வருவதற்குக் காரணமே இந்தச் சலுகைதான். பிரதிநிதிகள் சபையில் கதை வேறு. அங்கே சபையின் நடைமுறை விதியைக் கொண்டே இதை முடக்கிவிடலாம். 2018 டிசம்பரில், ஏமன் போருக்கான அமெரிக்க உதவியை நிறுத்தும் தீர்மானம் வாக்கெடுப்புக்கே வராதபடி, விவசாய மசோதாவுக்கான விதியில் ஒரு வரியைச் செருகி 206-203 என்று நிறைவேற்றினார்கள். போருக்கும் விவசாயத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்டால் பதில் கிடையாது.

இரு சபையும் தாண்டினாலும் வீட்டோ காத்திருக்கிறது. ஞாயிறு நீங்கலாக 10 நாள் அதிபருக்கு அவகாசம். வீட்டோவை மீற, வந்து வாக்களிப்போரில் மூன்றில் இரண்டு பங்கு இரு சபையிலும் வேண்டும். எல்லோரும் வந்தால் செனட்டில் 67, பிரதிநிதிகள் சபையில் 290. ஏமன் தீர்மானம் 2019-இல் செனட்டில் 54-46, மற்ற சபையில் 247-175 என்று வென்றது. டிரம்ப் வீட்டோ செய்தார். செனட்டின் மறு வாக்கெடுப்பில் கிடைத்தது 53-45. தேவை 66, 13 குறைவு. மறு ஆண்டு, ஈரான் மீதான போரைத் தடுக்கும் தீர்மானம் செனட்டில் 55-45 என்று வென்றது. அதற்கும் வீட்டோ, மறு வாக்கெடுப்பில் 49-44. அன்று வந்தவர்களை வைத்துப் பார்த்தால் தேவை 62, மறுபடியும் 13 குறைவு. ஆகவே ‘நிறைவேறியது’ என்ற சொல்லை விட்டுவிட்டு, அதிபரின் சொந்தக் கட்சியில் எத்தனை பேர் எதிர்த்து வாக்களித்தார்கள் என்று பாருங்கள். 2019 மார்ச்சில் 7 பேர், 2020 பிப்ரவரியில் 8 பேர். எதிர்க்கட்சியின் பலத்தோடு இதைக் கூட்டி 67 வந்தால் மச்சான் சொல்வதற்கு அர்த்தம் உண்டு. 1973-இல் நிக்சனை மீறிய வாக்கு பிரதிநிதிகள் சபையில் 284-135, செனட்டில் 75-18. அப்போதும் பிரதிநிதிகள் சபையில் தேவைக்கு மேல் இருந்தது 4 வாக்குதான், அதுவும் வாட்டர்கேட் ஊழல் உச்சத்தில் இருந்த நேரம்.

“60 நாளில் போர் தானாக முடிந்துவிடும்” என்ற பேச்சையும் கேட்டிருப்பீர்கள். சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது: படையை இறக்கிய 48 மணி நேரத்துக்குள் அறிக்கை, காங்கிரசின் அனுமதி இல்லாவிட்டால் 60 நாளில் நிறுத்தம், வீரர்களைப் பத்திரமாகத் திரும்ப அழைக்க மேலும் 30 நாள். இதன் ஓட்டை, அந்தக் கடிகாரத்தை ஓட விடுகிற பிரிவை அதிபர்கள் அறிக்கையில் குறிப்பிடுவதே இல்லை என்பதில் இருக்கிறது. ‘சட்டத்தின்படி’ என்று எழுதாமல் ‘சட்டத்துக்கு இசைவாக’ என்று எழுதுவார்கள். விதிவிலக்காக, அந்தப் பிரிவை வெளிப்படையாகச் சொன்ன அறிக்கை 1975-இல் மாயகஸ் என்ற கொள்கலன் கப்பலைக் கம்போடியர்களிடமிருந்து மீட்டபோது வந்தது. அறிக்கை போய்ச் சேர்வதற்குள் சண்டையே முடிந்திருந்தது. 2011-இல் லிபியாவில் 60 நாள் தாண்டியபோது, நடப்பது சட்டம் சொல்கிற ‘மோதல்’ அல்ல என்று ஒபாமா அரசு வாதிட்டது. குண்டு விழுந்துகொண்டுதான் இருந்தது.

அப்படியானால் எதுதான் வேலை செய்யும்? பணம். டோன்கின் அனுமதியை 1971 ஜனவரியில் காங்கிரஸ் ரத்து செய்தது, போர் தொடர்ந்தது. 1973 ஆகஸ்ட் 15-க்குப் பிறகு இந்தோசீனாவில் சண்டைக்குக் காசு கிடையாது என்று நிதிச் சட்டத்தில் எழுதிய பிறகுதான் கம்போடியா மீதான குண்டுவீச்சு அதே நாளில் நின்றது. அதையும் நிக்சன் முதலில் வீட்டோ செய்தார். ஆனால் அரசாங்கம் நடக்கத் தேவையான பணமும் அதே மசோதாவில் கட்டுண்டு கிடந்ததால் இறங்கிவர வேண்டியதாயிற்று.

இதுவும் எப்போதும் பலிக்காது. 2007-இல் ஈராக்கிலிருந்து திரும்பும் கால அட்டவணையை நிதி மசோதாவில் கட்டினார்கள். மே 1-இல் புஷ் வீட்டோ செய்தார், மீறும் முயற்சி 222-203 என்று தோற்றது, அந்த மாதம் முடிவதற்குள் அட்டவணை இல்லாமலே பணம் போனது. களத்தில் நிற்கும் வீரனுக்குத் தோட்டா வாங்கக் காசு மறுத்தான் என்ற பழியைச் சுமக்க யாருக்கும் துணிவில்லை. 2011 ஜூன் 24-இல் இது அப்பட்டமாகத் தெரிந்தது: லிபியா நடவடிக்கைக்கு அனுமதி தர மறுத்து 295-123 என்று வாக்களித்த அதே பிரதிநிதிகள் சபை, சில மணி நேரத்தில் அதற்கான நிதியைக் குறைக்கவும் 238-180 என்று மறுத்தது.

மகளின் கேள்விக்கு வருவோம். நம்முடையது பிரிட்டிஷ் முறை. அங்கே போர் முடிவு மன்னரின் பெயரால் அமைச்சரவை எடுப்பது. நாடாளுமன்ற வாக்கு சட்டப்படி கட்டாயமில்லை. ஆனாலும் 2013 ஆகஸ்ட் 29-இல் சிரியா மீதான தாக்குதலுக்கு ஆதரவு கேட்டு 272-285 என்று தோற்ற பிரிட்டிஷ் பிரதமர் கேமரன், அன்றிரவே கைவிட்டார். 2018 ஏப்ரலில் அதே சிரியா மீது, வாக்கெடுப்பே இல்லாமல், பிரதமர் தெரசா மேயின் அரசு குண்டு வீசியது. மலேசியாவில் 41-ஆவது பிரிவின்படி படைகளின் உச்சத் தளபதி மாமன்னர். 40-ஆவது பிரிவின்படி அவர் அமைச்சரவையின் ஆலோசனையில் செயல்படுகிறார். அமெரிக்காவைப் போல் நாடாளுமன்றத்துக்குப் போர்ப் பிரகடன அதிகாரம் தரும் பிரிவு இல்லை. இந்தோனேசியாவுடனான மோதல் காலத்தில்கூட 1964 செப்டம்பரில் வந்தது அவசரகாலப் பிரகடனம்தான். ஆனால் 43-ஆவது பிரிவு அமைச்சரவையை நாடாளுமன்றத்துக்குக் கூட்டாகப் பொறுப்பாக்குகிறது. மக்களவையின் 222 பேரில் பெரும்பான்மை போனால் பிரதமர் பதவியே போகும், வரவுசெலவுத் திட்டமும் அங்கேதான் நிறைவேற வேண்டும். வாஷிங்டனில் அதிபர் தோற்ற வாக்கோடு நான்கு ஆண்டும் உட்கார்ந்திருப்பார். இங்கே அது முடியாது. மக்களவைக் கூட்ட விதி 18(1)-ஐ மகளைப் படிக்கச் சொல்லுங்கள்; அவசரப் பொதுப் பிரச்சினையைச் சபையில் எழுப்பும் வழி அது.

இனி உங்கள் கொள்கலன். கட்டணத்தை நிர்ணயிப்பது காப்புறுதிக்காரர்களும் கப்பல் நிறுவனங்களும். அவர்கள் பார்ப்பது கடலில் கப்பல் அடிபடுகிறதா என்பதை. வாக்கெடுப்பை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. 2025 ஜனவரியில் காஸாவில் போர்நிறுத்தமே வந்தபோதும் அந்தப் போரையொட்டிக் கப்பல்கள் தாக்கப்பட்ட செங்கடலுக்குப் பெரிய நிறுவனங்கள் உடனே திரும்பவில்லை. ஜித்தா சரக்கு செங்கடலின் தெற்கு வாயிலான பாபெல் மண்டெப் நீரிணை வழி, துபாய் சரக்கு பாரசீக வளைகுடாவின் வாயிலான ஹோர்முஸ் நீரிணை வழி. இரண்டும் வெவ்வேறு அபாயம், தனித்தனியாக விலை கேளுங்கள். அபாயக் கட்டணம் புக்கிங் தேதிக்கா, கப்பலில் ஏற்றும் தேதிக்கா என்பதைச் சரக்கு முகவரிடம் எழுத்தில் வாங்குங்கள். சரக்கு, காப்புறுதி, கப்பல் கட்டணம் மூன்றும் சேர்ந்த சி.ஐ.எஃப். விலையில் வாங்கினால் விற்பவர் எடுக்கும் காப்புறுதி மிகக் குறைந்தபட்சமானது; நீங்கள் கேட்டு, அதற்குத் தனியாகக் காசு கொடுத்தால்தான் போர் அபாயம் அதில் சேரும். பொதுவான போர்க் காப்புறுதி விதிப்படி, சரக்கு கப்பலில் ஏறியது முதல் இறங்கும் வரைதான் பாதுகாப்பு. கிள்ளானில் இறக்கி வேறு கப்பலுக்கு மாற்றினால், அங்கே கப்பல் வந்த நாளிலிருந்து 15 நாள் வரைதான் கணக்கு. காப்புறுதிக்காரர் 7 நாள் முன்னறிவிப்பில் ரத்து செய்யலாம். ஏற்கெனவே கப்பலேறிய சரக்கை அது தொடாது. சீக்கிரம் ஏற்றுவதில் உள்ள லாபம் இதுதான். சரக்கு தாமதமாக வந்து நோன்புச் சந்தை தப்பிப்போனால் அந்த நட்டத்தை எந்தச் சாதாரணப் பாலிசியும் தராது.