அப்பாவின் பெயர் இருந்தால் இழுபறித் தொகுதியில் ஜெயித்துவிடலாமா?

கதவைத் திறக்க அந்தப் பெயர் உதவும், ஆனால் அது மட்டும் போதாது. க்வென் கிரஹாமை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய அப்பா பாப் கிரஹாம், அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் இரண்டு முறை ஆளுநர், அப்புறம் 18 ஆண்டுகள் செனட்டர். மகள் ஜனநாயகக் கட்சி சார்பில் 2014ல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக்குப் போட்டியிட்ட ஃபுளோரிடாவின் 2வது தொகுதியோ, 2012 அதிபர் தேர்தலில் குடியரசுக் கட்சியின் ரோம்னி முந்திய இடம். டலஹாசி நகரம் ஜனநாயகக் கட்சிப் பக்கம், சுற்றியுள்ள கிராமங்கள் எதிர்ப்பக்கம்.

1978 ஆளுநர் தேர்தலுக்கு முன் பாப் 100 நாள், நாளுக்கு ஒரு வேலையாகச் சாதாரண மக்களோடு உழைத்தார். க்வெனும் அதே வழியில் இறங்கினார். அவர் சொத்தாக எடுத்துக்கொண்டது பெயரைவிட இந்தப் பழக்கத்தைத்தான் என்பேன். குடியரசுக் கட்சி அலை வீசிய அந்த ஆண்டிலும் பதவியிலிருந்த அக்கட்சி உறுப்பினர் ஸ்டீவ் சதர்லண்டை ஒரு சதவீதம் சொச்ச வித்தியாசத்தில் வீழ்த்தினார். அந்த நவம்பரில் நாடு முழுக்க இப்படிப் பதவியிலிருந்த குடியரசுக் கட்சி உறுப்பினரை வீழ்த்திச் சபைக்குப் போன ஜனநாயகக் கட்சியினர் இரண்டே பேர்!

சரி, பிறகு? நீதிமன்ற உத்தரவால் தொகுதி எல்லைகள் மாறி டலஹாசி இரண்டாகப் பிரிந்தது. மிச்சத் தொகுதி முழுக்க எதிர்க்கட்சிக் கோட்டையாகிவிட, 2016ல் அவர் போட்டியிடவே இல்லை. 2018 ஆளுநர் வேட்பாளருக்கான உட்கட்சித் தேர்தலிலும் ஆண்ட்ரூ கில்லமிடம் தோற்றார்.