சர்வதேசக் கலைச் சந்தையில் முதல் நாளே எல்லாம் விற்றுவிட்டது என்கிறார்களே, அது எப்படி? சாதாரண ஆள் அங்கே போய் ஏதாவது வாங்க முடியுமா?

கேட்டவர் ஆர்ட் பாசெல் பற்றிய ஒரு செய்தியைப் படித்துவிட்டுக் கேட்டிருக்கிறார். சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் வருடந்தோறும் நடக்கும் கலைச் சந்தை அது; கலைஞர்களின் படைப்புகளை விற்றுக்கொடுக்கும் கேலரிகள் அங்கே வந்து ஸ்டால் போடும். காலையில் கதவு திறந்தது, மாலைக்குள் ஒரு கேலரி கொண்டுவந்த ஓவியங்கள் மொத்தமும் போய்விட்டன, இதென்ன மாயம் என்று. மாயமெல்லாம் இல்லை. கதவு திறக்கும் முன்பே பாதி முடிந்துவிட்ட வியாபாரம் அது.

நான் ஒரு நடுத்தர அளவிலான கேலரியில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். பெயர் வேண்டாம். வருடத்துக்கு மூன்று, நான்கு சந்தைகளுக்குப் போவோம். என் பதவிக்குப் பெரிய பெயர் இருந்தது. செய்ததெல்லாம் பெட்டி பிரிப்பது, ஓவியத்தில் கீறல் உண்டா என்று டார்ச் அடித்துப் பார்த்துக் குறிப்பு எழுதுவது, விலைப்பட்டியலை மனப்பாடம் செய்வது, எட்டு மணி நேரம் நின்றபடியே சிரிப்பது. அந்த அனுபவத்தில் இருந்து எழுதுகிறேன். இன்னொன்று, அந்த உலகத்தில் வாங்குபவரைக் கலெக்டர் என்பார்கள். நமக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் மாவட்ட ஆட்சியர்தான் கண்முன் வருவார் என்பதால் சேகரிப்பாளர் என்றே சொல்லிக்கொள்கிறேன்.

சந்தைக்கு இரண்டு, மூன்று வாரம் முன்பே ஒரு பிடிஎஃப் தயாராகிவிடும். கொண்டுபோகிற ஒவ்வொரு படைப்பின் படம், அளவு, எதனால் ஆனது, விலை எல்லாம் அதில் இருக்கும். அதை எல்லோருக்கும் ஒரே நாளில் அனுப்பமாட்டோம். எங்கள் முதலாளியிடம் ஒரு வரிசை இருந்தது. முதலில் பத்துப் பதினைந்து பேர். அவர்கள் பதில் சொல்ல இரண்டு நாள். அப்புறம் அடுத்த நாற்பது பேர். கடைசியாக, மின்னஞ்சல் முகவரி கொடுத்துவிட்டுப் போன அத்தனை பேரும். யார் எந்த வரிசையில் என்பது பணத்தை மட்டும் வைத்து முடிவாவதில்லை. அருங்காட்சியகக் குழுவில் இருப்பவர், பத்து வருடமாக வாங்கி ஒன்றைக்கூட விற்காதவர், தன் வீட்டுக்குக் கண்காட்சி அமைப்பாளர்களை அழைத்துக் காட்டுபவர் ஆகியோர் மேலே இருப்பார்கள். நிறையப் பணம் உள்ள, ஆனால் வாங்கியதை அடுத்த வருடமே ஏலத்துக்கு அனுப்பிய ஆள் ஒருவர் எங்கள் பட்டியலில் கடைசிக்குக் கீழே இருந்தார்.

பிடிஎஃப் பார்த்தவர்களில் சிலர் உடனே பணம் கட்டிவிடுவார்கள். பலர் 'ரிசர்வ்' கேட்பார்கள். பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடிப்போமே, அதேதான். நேரில் பார்த்துவிட்டுச் சொல்கிறேன், அதுவரை வேறு யாருக்கும் கொடுக்காதே என்று அர்த்தம். ஒரே ஓவியத்தின் மேல் மூன்று துண்டுகூட விழும். முதல் ரிசர்வ், இரண்டாம் ரிசர்வ், மூன்றாம் ரிசர்வ். முதல் ஆள் கழன்றுகொண்டால் அடுத்தவருக்கு வாட்ஸப் போகும். திறப்பு நாளில் ஒரு துண்டின் ஆயுள் ஒரு மணி நேரம்தான் இருக்கும். நான்காம் நாள் என்றால் நாள் முழுக்கக்கூட விட்டுவைப்போம்.

பாசெல் சந்தையில் செவ்வாயும் புதனும் அழைப்பு அட்டை உள்ளவர்களுக்கு. டிக்கெட் வாங்கிய பொதுமக்களுக்கு வியாழன் முதல் ஞாயிறு வரை. அழைப்பு அட்டைகளுக்குள்ளும் படிநிலை உண்டு, எந்த அட்டைக்கு எத்தனை மணிக்கு அனுமதி என்று. ஆக நீங்கள் வியாழக்கிழமை உள்ளே நுழையும்போது பார்ப்பது பெரும்பாலும் கைமாறிவிட்ட பொருள்களை. கண்காட்சியாகப் பார்த்தால் அதில் ஒரு குறையும் இல்லை. கடையாக நினைத்துப் போனால்தான் ஏமாற்றம்.

சரி, அந்த 'விற்றுவிட்டது' செய்திக்கு வருகிறேன். முதல் நாள் மாலை பத்திரிகைக்காரர்களுக்கு ஒவ்வொரு கேலரியும் தானாகவே ஒரு பட்டியல் கொடுக்கும். கொடுக்காமலும் இருக்கலாம், கேட்பார் இல்லை. ஏலத்தில் சுத்தியல் விழும் விலை ஊரறிய விழுகிறது. கேலரி விற்கும் விலை அப்படியில்லை, அவர்கள் சொன்னால்தான் உண்டு. 2022-இல் பாசெலில் சிற்பி லூயிஸ் பூர்ஷ்வாவின் ஒரு பிரம்மாண்டமான சிலந்திச் சிற்பம் 4 கோடி டாலருக்கு விற்றதாக ஹவுசர் அண்ட் வர்த் கேலரி அறிவித்தது. அப்படிப்பட்ட ஓர் எண் வந்தால் அன்றைய செய்தித் தலைப்பு அதுதான். பெரும்பாலான பட்டியல்களில் இருப்பது கேட்ட விலை, பெற்ற விலை அல்ல. தெரிந்த வாடிக்கையாளருக்குப் பத்து சதவீதம் தள்ளுபடி எழுதப்படாத வழக்கம், அருங்காட்சியகத்துக்கு இருபதுவரை போகும். வாய்வார்த்தையாக "எடுத்துக்கொள்கிறேன்" என்று ஒருவர் சொன்னதும் விற்பனைக் கணக்கில் சேர்ந்துவிடும். ஒரு தடவை அப்படிச் சொன்னவர் ஊருக்குப் போய் மூன்று மாதம் பதிலே போடவில்லை. நாங்கள் அறிவித்தது அறிவித்ததுதான், யாரும் திரும்பக் கேட்கவில்லை.

இனி எனக்கு இந்த வியாபாரத்தின் முடிச்சை அவிழ்த்துக் காட்டிய சம்பவம். இரண்டாம் வருடம், திறப்பு நாள் காலை. நன்றாக உடுத்திய ஒருவர் நேராக ஓர் இளம் ஓவியரின் பெரிய கேன்வாஸ் முன்னால் வந்து நின்றார். விலை கேட்டார், சொன்னேன். "வாங்கிக்கொள்கிறேன், இப்போதே பணம் அனுப்பட்டுமா?" என்றார். என் வாழ்க்கையின் முதல் பெரிய விற்பனை என்று உள்ளுக்குள் துள்ளிக்கொண்டு முதலாளியிடம் ஓடினேன். அவர் வந்து கை குலுக்கி, வேறு என்னென்ன வைத்திருக்கிறீர்கள், எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று பத்து நிமிடம் இனிமையாகப் பேசிவிட்டு, "மன்னிக்கவும், இது ரிசர்வில் இருக்கிறது" என்றார். எந்த ரிசர்வும் இல்லை. எனக்குத் தெரியும், பட்டியல் என் கையில்தான் இருந்தது. இரண்டு நாள் கழித்து அதே ஓவியம் ஓர் அருங்காட்சியகத்துக்கு இருபது சதவீதம் குறைத்துப் போனது.

"முழு விலை கொடுக்க ஒருத்தர் நின்றாரே?" என்று அன்று இரவு முதலாளியிடம் கேட்டேன். அவர் சொன்ன கணக்கு இது. அந்த ஓவியருக்கு இருபத்தெட்டு வயது. தெரியாத ஆள் வாங்கி ஒரு வருடத்தில் ஏலத்துக்கு விட்டால் இரண்டில் ஒன்று நடக்கும். விலை பத்து மடங்கு ஏறும், அல்லது ஏலம் போகாமல் திரும்பி வரும். ஏறினால், அடுத்த கண்காட்சிக்கு என்ன விலை வைப்பது என்று ஓவியரும் கேலரியும் திண்டாட வேண்டும், இரண்டு வருடத்தில் அந்த மோகம் அடங்கினால் அவர் பெயர் அதோடு போச்சு. ஏலம் போகவில்லை என்றால் அது இணையத்தில் நிரந்தரமாகப் பதிவாகிவிடும். அருங்காட்சியகம் அப்படி விற்காது. கலைஞரின் வாழ்க்கைக் குறிப்பில் ஒரு வரி கூடும், மற்ற ஓவியங்களின் விலை படிப்படியாக ஏறும். இந்தத் தொழிலில் 'விற்பது' என்று சொல்வதைவிட 'இடம் பார்த்துக் கொடுப்பது' என்றுதான் அதிகம் சொல்வார்கள். வரன் பார்ப்பது மாதிரி.

நியாயமா என்றால், எனக்கு இன்றும் முழுச் சம்மதம் இல்லை. பணம் கொடுக்க வந்தவரிடம் முகத்துக்கு நேரே பொய் சொன்னோம். ஆனால் அந்த ஓவியர் இன்றும் வரைந்துகொண்டிருக்கிறார். அதே வருடம் பக்கத்து ஸ்டாலில் யார் கேட்டாலும் கொடுத்துத் தீர்த்தார்களே, அந்தப் பையன் பெயரை நான் அப்புறம் எங்கேயும் பார்க்கவில்லை.

கேலரிகளைப் பணம் கொழிக்கும் இடம் என்று நினைப்பவர்களுக்காகக் கொஞ்சம் கணக்கு. விற்பதில் பொதுவாகப் பாதி கலைஞருக்கு, பாதி கேலரிக்கு. ஒரு சிறிய கேலரி ஒவ்வொன்றும் 10,000 டாலர் விலையில் எட்டு ஓவியங்களை மொத்தமாக விற்றுத் தீர்த்தது என்று வையுங்கள். 80,000. தள்ளுபடி பத்து சதவீதம் போக 72,000. கலைஞரின் பங்கு போக கையில் 36,000. பாசெலில் 2019-இல் மிகச் சிறிய, 25 சதுர மீட்டர் ஸ்டாலுக்குச் சதுர மீட்டருக்கு 760 சுவிஸ் ஃபிராங்க், அதாவது 19,000 ஃபிராங்க் இடத்துக்கு மட்டும். கூடுதல் சுவர், விளக்கு, மரப்பெட்டி, விமான சரக்கு, காப்பீடு, மூன்று பேருக்கு ஒரு வாரத்துக்கு மேல் ஓட்டல், சந்தை வாரத்தில் மும்மடங்காகும் அந்த ஓட்டல் வாடகை, முக்கியமானவர்களுக்கு ஓர் இரவு விருந்து. எல்லாம் விற்று முடித்தும் நஷ்டத்தோடு ஊர் திரும்பியதை நான் இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். பெரிய கேலரிகளுக்கும் இது தெரியும். 2018-இல் பெரிய கேலரிக்காரரான டேவிட் ஸ்விர்னரே, எங்களைப் போன்ற பெரியவர்கள் கொஞ்சம் கூடக் கொடுத்துச் சிறியவர்களின் சுமையைக் குறைக்கலாம் என்று பொதுமேடையில் சொன்னார். அடுத்த வருடமே பாசெலில் ஸ்டால் பெரிதாகப் பெரிதாகச் சதுர மீட்டர் விலையும் ஏறும் முறை வந்தது. மேலே சொன்ன 760 அதன் அடிமட்டம்.

பின்னே ஏன் போகிறார்கள்? போகாவிட்டால் மறந்துவிடுவார்கள் என்ற பயம்தான் முதல் காரணம். ஆர்ட் பாசெலும் யுபிஎஸ் வங்கியும் சேர்ந்து வெளியிடும் ஆண்டறிக்கை 2024-இல் உலகம் முழுக்க நடந்த கலை வியாபாரத்தின் மொத்த விற்பனை சுமார் 5,750 கோடி டாலர் என்கிறது. முந்தைய வருடத்தைவிட 12 சதவீதம் குறைவு. அந்த வருடம் கேலரிகளின் விற்பனையில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவானது இப்படிப்பட்ட சந்தைகளில் நடந்தது. வருடம் முழுக்கக் கேலரியில் உட்கார்ந்திருந்தால் சந்திக்க முடியாத நூறு பேரை நான்கு நாளில் சந்திக்கலாம். கொலோனில் 1967-இல் 18 ஜெர்மன் கேலரிகள் சேர்ந்து முதல் சந்தையைத் தொடங்கியதும் வாங்க ஆள் வராத குறையைத் தீர்க்கத்தான். 1970-இல் எர்ன்ஸ்ட் பெய்லரும் இன்னும் இரண்டு கேலரிக்காரர்களும் பாசெலில் தொடங்கினார்கள். அது பிறகு மயாமி பீச், ஹாங்காங், பாரிஸ் என்று கிளைவிட்டது. லண்டனின் ஃப்ரீஸ் சந்தை 2003-இல் வந்தது, இப்போது அதற்கும் நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ், சோல் என்று கிளைகள்.

வாழைப்பழக் கதையைச் சொல்லாவிட்டால் பின்னூட்டத்தில் கேட்பீர்கள். 2019 டிசம்பர், மயாமி பீச், பெரோத்தன் கேலரி ஸ்டால், கலைஞர் மவுரிட்சியோ கட்டெலான் சுவரில் டேப் போட்டு ஒட்டிய வாழைப்பழம். எல்லோரும் பழத்தைப் பார்த்தார்கள், நான் விலையைப் பார்த்தேன். விற்பனைக்கு மூன்று பிரதிகள். இரண்டு 1,20,000 டாலருக்குப் போனதும் மூன்றாவதற்கு 1,50,000 என்று ஏற்றினார்கள், அதையும் அருங்காட்சியகத்துக்கென்று ஒதுக்கினார்கள். பிரதிகள் தீரத் தீர விலை ஏறுவது புகைப்படம், அச்சு, வீடியோ எல்லாவற்றிலும் உள்ள சாதாரண நடைமுறை. ஒருவர் பழத்தைப் பிய்த்துத் தின்றபோது கேலரி பதறாமல் வேறு பழம் ஒட்டியதற்கும் காரணம் எளிது. விற்றது, இது கட்டெலானின் படைப்புதான் என்ற சான்றிதழை. 2024 நவம்பரில் ஒரு பிரதி சோதபீஸ் ஏலத்தில் கட்டணங்கள் உட்பட 62 லட்சம் டாலருக்குப் போனபோதும் முக்கியமாகக் கைமாறியது அந்தச் சான்றிதழும், எப்படி ஒட்டுவது என்ற குறிப்பும்தான்.

இப்போது கேள்வியின் இரண்டாம் பாதி. சாதாரண ஆள் வாங்க முடியுமா? முடியும், கொஞ்சம் விவரம் வேண்டும். நியூயார்க்கில் ஹெர்பர்ட், டொரத்தி வோகல் என்று ஒரு தம்பதி இருந்தார்கள். கணவர் தபால் இலாகா ஊழியர், மனைவி நூலகர். மனைவியின் சம்பளத்தில் சாப்பாடு, வாடகை. கணவரின் சம்பளம் முழுக்க ஓவியத்துக்கு. பெரும்பாலும் கலைஞர்களிடமே நேரடியாக வாங்கினார்கள், ஒற்றைப் படுக்கையறை வீட்டுக்குள் அடங்குகிற அளவில். அப்படிச் சேர்ந்தவை நாலாயிரத்துக்கும் மேல். 1992-இல் அவற்றை வாஷிங்டன் தேசிய ஓவியக் காட்சியகத்துக்குக் கொடுக்க முடிவு செய்தார்கள்.

உங்களுக்கு என் யோசனை, பெரிய சந்தையை விட்டுவிட்டு அதே வாரத்தில் அதே ஊரில் நடக்கும் சிறிய சந்தைக்குப் போங்கள். பாசெலில் 1996 முதல் லிஸ்டே நடக்கிறது, இளம் கேலரிகளுக்கானது. அங்கே முதலாளியே ஸ்டாலில் நிற்பார், பேசுவார். சுவரில் விலை எழுதியிருக்காது. கூச்சப்படாமல் கேளுங்கள், விலை கேட்டதற்காக யாரும் உங்களைக் குறைவாக நினைப்பதில்லை. கேன்வாஸ் எட்டவில்லை என்றால் "காகிதத்தில் செய்தது ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டுப் பாருங்கள். ஸ்டாலுக்குப் பின்னால் ஒரு சின்ன அறை இருக்கும், அதற்குள் சுவருக்கு வராத பத்துப் பதினைந்து இருக்கும். தவணை கேட்கலாம், பல கேலரிகள் ஒப்புக்கொள்ளும். அனுப்பும் செலவும் வரியும் விலையில் சேர்ந்ததா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பில்லில், மூன்று வருடத்துக்குள் விற்பதானால் முதலில் எங்களிடமே கேட்க வேண்டும் என்பது போல் ஒரு வரி இருக்கலாம், படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். அப்புறம், இதன் விலை ஏறுமா என்ற கேள்வியைத் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். அதைக் கேட்டவுடன் நாங்கள் மனதுக்குள் உங்களைப் பட்டியலில் கீழே இறக்கிவிடுவோம். கடைசி நாள் மாலை போனால் அடிமாட்டு விலைக்குக் கிடைக்கும் என்பதும் கட்டுக்கதை. கொஞ்சம் இறங்கி வருவார்கள், அவ்வளவுதான்.

என் கடைசிச் சந்தையில் ஒரு தம்பதி பொதுமக்கள் நாள் நான்கிலும் வந்தார்கள். யாரும் நின்று பார்க்காத ஒரு சின்ன பென்சில் வரைபடம், கதவோரம் மாட்டியிருந்தது, அதன் முன்னால் மட்டும் நிற்பார்கள். நான்காம் நாள், பெட்டி கட்டுகிறவர்கள் வெளியே வந்து நின்ற நேரத்தில், ஆறு தவணையில் கொடுக்கலாமா என்று அந்தப் பெண் கேட்டார். கொடுத்தோம். முதல் தவணையை அங்கேயே கட்டினார்கள். விற்பனைப் பட்டியல் பத்திரிகைக்கு ஏற்கெனவே போய்விட்டது, அதில் அது இல்லை. சுவரில் அந்த ஆணி இருந்த ஓட்டையை நான்தான் பட்டி வைத்து அடைத்தேன்.