பிஎஸ்5, பிஎஸ்4, லேப்டாப் மூன்றின் செயல்திறனையும் சேர்த்து ஒரே கேமுக்குக் கொடுக்க முடியுமா?

சோனியின் பிளேஸ்டேஷன் கன்சோல்கள் இரண்டும் (பிஎஸ்5, பிஎஸ்4) லேப்டாப்பும் வீட்டில் ஒரே ரவுட்டரில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆனாலும் ஒரே கேமுக்கு முடியாது. கேபிளின் வேகம்தான் தடை.

நொடிக்கு 60 ஃபிரேம் (திரையில் அடுத்தடுத்து வரும் படங்கள்) ஓடும் கேமில் ஒரு ஃபிரேமுக்குக் கிடைக்கும் நேரம் 16.7 மில்லிநொடி. அதற்குள் ஒரு கிகாபிட் ஈத்தர்நெட் கேபிள் கடத்தக்கூடியது அதிகபட்சம் 2 எம்பி. சுருக்காத 1080பி படம் ஒன்றே 8 எம்பி. பிஎஸ்4 வரைந்து முடித்த படமே நேரத்துக்கு வந்து சேராது எனும்போது, வரைவதற்கு வேண்டிய டெக்ஸ்சர் (பொருள்களின் மேற்பரப்புப் படம்), நிழல், ஆழத் தகவலையெல்லாம் அனுப்புவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். பிஎஸ்5-க்குள் ஜிபியுவும் (படம் வரையும் சில்லு) நினைவகமும் நொடிக்கு 448 ஜிபி வரை பரிமாறிக்கொள்கின்றன. கேபிளில் 0.125 ஜிபி. ஏறக்குறைய 3,500 மடங்கு வித்தியாசம்.

இன்னொரு சிக்கல், ஃபிரேமுக்குள் ஒவ்வொரு வேலையும் முந்தையதை நம்பி நிற்கிறது. பாத்திரம் எங்கே நிற்கிறது என்று தெரியாமல் நிழல் போட முடியாது. இன்றைய கேம்கள் முந்தைய ஃபிரேமின் படத்தையும் எடுத்துத்தான் அடுத்ததை மெருகேற்றுகின்றன. ஒரே மதர்போர்டில் இரண்டு கிராஃபிக்ஸ் கார்டு செருகும் எஸ்எல்ஐ முறையே இதில் திணறியது. கிராஃபிக்ஸ் கார்டு தயாரிக்கும் என்விடியா 2021 தொடக்கத்தோடு அதற்குப் புதிய டிரைவர் புரொஃபைல்கள் (கேமுக்குக் கேம் தேவைப்படும் அமைப்புகள்) தருவதை நிறுத்திவிட்டது.

பிறகு பிஎஸ்3-களை நூற்றுக்கணக்கில் சேர்த்து சூப்பர் கம்ப்யூட்டர் கட்டினார்களே என்று கேட்கலாம். உண்மைதான். அமெரிக்க விமானப்படை 2010-இல் 1,760 பிஎஸ்3-களை இணைத்து ‘காண்டார்’ என்ற கணினித் தொகுதியை அமைத்தது. ஸ்டான்ஃபோர்டின் ஃபோல்டிங் அட் ஹோம் திட்டம் 2007 முதல் 2012 வரை வீடுகளில் சும்மா கிடந்த பிஎஸ்3-களில் புரத மடிப்பைக் கணக்கிட்டது. அங்கே சில எம்பி தரவு உள்ளே போகும், பல மணி நேரம் கணக்கு நடக்கும், சிறிய விடை வெளியே வரும். கேமில் நிலைமை நேர்மாறு: மில்லிநொடிக் கணக்கில் வேலை, மலையளவு தரவு. பிஎஸ்3-இல் லினக்ஸ் நிறுவ உதவிய ‘அதர் ஓஎஸ்’ வசதியையும் சோனி 2010 ஏப்ரலில் 3.21 அப்டேட்டில் எடுத்துவிட்டது. உங்கள் பிஎஸ்4, பிஎஸ்5 இரண்டிலும் அப்படி வெளி நிரல் ஓட்ட அதிகாரப்பூர்வ வழி இல்லை.

கேமுக்குள்ளேயே பகிரக்கூடியது எது என்றால், கொஞ்சம் தாமதமாக வந்தாலும் கண்ணுக்குத் தெரியாத வேலைதான். 2019-இல் வந்த கிராக்டவுன் 3-இன் மல்டிபிளேயரில் கட்டடங்கள் இடிந்து விழும் கணக்கை மைக்ரோசாஃப்ட் சர்வர்கள் செய்தன. சுவர்த் துண்டு ஒன்று சற்றுப் பிந்தி விழுந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். ஆனால் கேமை எழுதும்போதே இதற்குத் திட்டமிட வேண்டும். வெளியிலிருந்து நாம் ஒட்டவைக்க முடியாது.

உங்களிடம் உள்ளதை வைத்து உருப்படியாகச் செய்யக்கூடியது ரிமோட் ப்ளே. கணக்கெல்லாம் பிஎஸ்5-இலேயே நடக்கும், படம் மட்டும் வீடியோவாகச் சுருக்கப்பட்டு வரும். பிஎஸ்5-இல் செட்டிங்ஸ், சிஸ்டம், ரிமோட் ப்ளே என்று போய் இயக்கவும். தூரத்திலிருந்தே கன்சோலை எழுப்ப வேண்டுமானால், பவர் சேவிங் பகுதியில் ரெஸ்ட் மோடுக்கான (உறக்க நிலை) இணைய இணைப்பையும் நெட்வொர்க் வழியாக ஆன் செய்யும் வசதியையும் சேர்த்தே இயக்க வேண்டும். பலர் இரண்டாவதை விட்டுவிட்டு ‘கன்சோல் கிடைக்கவில்லை’ என்று தவிப்பார்கள். லேப்டாப்பில் ரிமோட் ப்ளே ஆப்பைத் திறந்து, பிஎஸ்5-இல் உள்ள அதே பிளேஸ்டேஷன் அக்கவுண்ட்டில் நுழையுங்கள். பிஎஸ்4-க்கும் பிஎஸ்5 ரிமோட் ப்ளே ஆப் இருக்கிறது. பிஎஸ்4-ஐ வேறு அறையின் டிவியில் மாட்டினால் பழைய பெட்டிக்கும் வேலை கிடைக்கும். சோனி கேட்பது குறைந்தது 5 எம்பிபிஎஸ், பரிந்துரைப்பது 15. வீட்டுக்குள்ளே வேகத்தைவிட நிலைத்தன்மைதான் முக்கியம். கன்சோலை ரவுட்டருடன் கேபிளில் இணையுங்கள், லேப்டாப் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் இருக்கட்டும். இரண்டுமே வைஃபை என்றால் ஒவ்வொரு பாக்கெட்டும் (தரவுப் பொட்டலம்) காற்றில் இரண்டு முறை போக வேண்டும்.

பழுது எங்கே என்பதைப் படமே காட்டிக்கொடுக்கும். படம் கட்டம் கட்டமாக உடைந்தால் பாக்கெட் தொலைகிறது, அதாவது சிக்கல் வைஃபையில். படம் வழுவழுப்பாக ஓடியும் கை அழுத்தியது பிந்தி வந்தால் டிவியில் கேம் மோட் போடாமல் இருக்கலாம். லேப்டாப் விசிறி அலறி படம் திக்கினால் சுருக்கி வந்த வீடியோவை ஜிபியுவுக்குப் பதில் சிபியு (பொதுச் செயலி) விரிக்கிறது. டிரைவரைப் புதுப்பியுங்கள், இல்லையேல் ரெசல்யூஷனை 720பி-க்குக் குறையுங்கள்.

உண்மையாகவே வேலையைப் பங்கு போட வேண்டுமா? லேப்டாப்போடு இன்னொரு பிசியோ ஸ்டீம் டெக்கோ (கையடக்க கேமிங் கணினி) இருந்தால் பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் செய்யும் அனிமேஷன் நல்ல தொடக்கம், ஏனென்றால் ஒரு ஃபிரேமுக்கு மற்றது தேவையில்லை. எல்லாக் கருவியிலும் ஒரே பிளெண்டர் பதிப்பு இருக்கட்டும். கோப்பையும் வெளியீட்டு ஃபோல்டரையும் நெட்வொர்க்கில் பகிருங்கள். அவுட்புட் பகுதியில் ‘ஓவர்ரைட்’ டிக்கை எடுத்துவிட்டு ‘பிளேஸ்ஹோல்டர்ஸ்’ டிக்கைப் போடுங்கள். வடிவம் வீடியோவாக இல்லாமல் பிஎன்ஜி படங்களாக இருக்க வேண்டும். பிறகு எல்லாவற்றிலும் ரெண்டர் அனிமேஷன் கொடுத்தால், ஒன்று தொட்ட ஃபிரேமை மற்றது தாண்டிப்போகும். ஃபிரேமுக்கு 2 நிமிடம் வீதம் 240 ஃபிரேம் என்றால் ஒரே கருவியில் 8 மணி நேரம். சம வேகமுள்ள இரண்டில் 4 மணி நேரம். துணி, புகை போன்ற சிமுலேஷன் இருந்தால் முன்பே பேக் செய்து (கணக்கிட்டுச் சேமித்து) அந்தக் கேஷையும் பகிருங்கள், இல்லாவிட்டால் படத்துக்குப் படம் துணி குதிக்கும். நடுவில் ஒரு கருவி அணைந்தால் அது பிடித்துவைத்த காலிக் கோப்பு அப்படியே கிடக்கும், மற்றவையும் அதைத் தொடாது. கடைசியில் கோப்புகளை அளவு வாரியாக அடுக்கி, 0 பைட் உள்ளவற்றை அழித்துவிட்டு மறுபடி ஒருமுறை ரெண்டர் கொடுங்கள்.